கொடுத்த பிறகு என்ன எதிர்பார்க்கிறோம்?

கேள்வி கேட்டிருக்கும் தம்பி உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். சென்னையில் ஐ.டி. வேலை. தான் படித்த அரசுப் பள்ளிக்குப் போன வருடம் 20,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். தலைமை ஆசிரியர் அவர் படத்தைப் போட்டு வாட்ஸ்அப் குழுவில் நன்றி சொல்லியிருக்கிறார். பார்த்ததும் சந்தோஷமாக இருந்ததாம். ராத்திரி படுத்த பிறகு அந்தச் சந்தோஷமே உறுத்த ஆரம்பித்துவிட்டதாம். ‘பிள்ளைகளுக்காகக் கொடுத்தேனா, பெயருக்காகக் கொடுத்தேனா? இப்போது ஒரு மாணவனுக்கு வழிகாட்டியாக இருக்கச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா, டீச்சர்?’ என்று கேட்கிறார்.

தம்பி, நான் 33 வருடம் அரசுப் பள்ளிகளில் கணக்கு எடுத்தவள். 2014-ல் ஓய்வு பெற்ற பிறகு, கூட வேலை பார்த்த நாங்கள் ஐந்து பேர் பென்ஷனிலிருந்து மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு, வருடத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரைக்கும், முடிந்தால் உள்ளேயும் கூட்டிப்போகிறோம். உங்களுக்கு வந்த உறுத்தல் எங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது ஒரு நாளில் வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சந்தோஷம். அதில் ஒரு தப்பும் இல்லை. ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி என்ற பொருளாதார அறிஞர் 1990-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். பிறர் நன்மை ஒன்றுக்காக மட்டுமே ஒருவர் கொடுக்கிறார் என்றால், அதே காரியத்துக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியதும் அந்த அளவுக்குத் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வேலை நடந்தால் போதும், யார் பணமாக இருந்தால் என்ன? ஆனால் மனிதர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. தன் கையால் கொடுப்பதில் ஒரு கதகதப்பு இருக்கிறது, அதற்காகவும் கொடுக்கிறார்கள் என்றார். உங்களுக்கு அந்தக் குழுவைப் பார்த்தபோது வந்தது அந்தக் கதகதப்புதான். பசித்தவன் சாப்பிடும்போது ருசிப்பது மாதிரி.

ஆனால் கதகதப்பு வேறு, வியாபாரம் வேறு. சங்க கால வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், அவனை ‘அறவிலை வணிகன்’ அல்லன் என்கிறார். இந்தப் பிறவியில் செய்து வைத்தால் அடுத்த பிறவிக்கு ஆகும் என்று கணக்குப் போட்டு, அறத்தைச் சரக்காக்குகிறவன் இல்லையாம். முன்னே இருந்த சான்றோர் போன வழி அது, அதனால் அவனும் கொடுக்கிறான், அவ்வளவுதான். கொடுத்தபோது அவன் சந்தோஷப்படவில்லை என்று புலவர் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கொடுத்ததற்கு ஈடாக ஒன்று வரவேண்டும் என்று அவன் நிற்கவில்லை. அதைத்தான் சொல்கிறார்.

இந்த வித்தியாசம் மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குக் கொஞ்சம் கடினம். ஏனென்றால் நாம் செய்முறையில், அதாவது ஒருவர் செய்ததை அவருக்குத் திருப்பிச் செய்கிற முறையில், வளர்ந்தவர்கள். உசிலம்பட்டிக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீடு குடிபுகுதல் என்று எது நடந்தாலும் மொய் நோட்டு விரித்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். யார் எவ்வளவு எழுதினார் என்பது அந்த நோட்டில் தலைமுறைக்கும் இருக்கும். அவர் வீட்டு விசேஷத்தில் அதற்குக் கூடவே எழுத வேண்டும். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் நடக்கிற விருந்தில் சாப்பிட்டுவிட்டு அம்மனுக்கே மொய் எழுதிவிட்டு வருகிற ஜனங்கள் நாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாங்கு கடன் கொடுக்காத காலத்தில், இன்ஷூரன்ஸ் என்ற வார்த்தையே தெரியாத வீடுகளில், ஒரு கல்யாணத்தைத் தூக்கி நிறுத்தியது இந்த நோட்டுதான்.

ஆனால் செய்முறை நடப்பது சமமானவர்களுக்கு இடையில். இன்று நீ, நாளை நான். திருப்பிச் செய்ய வழியே இல்லாத ஒரு பிள்ளைக்கு உதவிவிட்டு, மனதுக்குள் மட்டும் அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டால் அது அந்தப் பிள்ளையைக் கொன்றுவிடும். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண்ணுக்கு நர்சிங் படிப்பின் முதல் வருடக் கட்டணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவர் முழுசாகக் கட்டினார். நல்ல மனிதர். மனம் இரங்கித்தான் கொடுத்தார். அப்புறம் அவர் வீட்டு விசேஷத்துக்கு அந்தப் பெண்ணை இரண்டு நாள் முன்னாடியே வரச்சொல்லி, வந்தவர்களிடமெல்லாம் ‘நம்ம படிக்க வைக்கிற பிள்ளை’ என்று அறிமுகப்படுத்தினார். பாத்திரம் எடுத்துவைக்கிற வேலையில் பாதி அவள் தலையில் விழுந்தது. அவர் அதை வேலை வாங்கியதாக நினைத்திருக்கவே மாட்டார், வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்தியதாகத்தான் நினைத்திருப்பார். இரண்டாம் வருடம் அந்தப் பெண் என்னிடம் வந்து, ‘டீச்சர், கல்விக் கடன் போட்டுக் கொடுங்க, அவர் பணம் வேண்டாம்’ என்றாள். ஏன் என்று கேட்டேன். ‘பாங்குக்குன்னா பணத்தைத் திருப்பிக் கொடுத்தா போதும்’ என்றாள். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

ஏன் கொடுக்கிறோம் என்று கொடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தால் விடை கிடைக்காது, தம்பி. மனசு எல்லாவற்றையும் கலந்துதான் வைத்திருக்கும். கொடுத்த பிறகு எதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம் என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்த வியாபாரிக்கும் அது அப்புறம்தான் வெளியே வந்தது.

நம் பக்கத்திலேயே இன்னொரு பழக்கமும் இருந்திருக்கிறது. மகமை. கடையில் விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்கென்று எடுத்து வைப்பது. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை இப்படித்தான் வளர்த்தார்கள். அதோடு பிடி அரிசி. உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று தனியாகப் போட்டு வைப்பார்கள், அதைச் சேர்த்து விற்றுப் பள்ளிச் செலவுக்கு ஆக்குவார்கள். காமராஜர் சின்ன வயதில் படித்தது அந்தப் பள்ளியில். எந்தப் பானையிலிருந்து எடுத்த பிடி எந்தப் பிள்ளைக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. பணக்கார வீட்டுப் பிடியும் கூலிக்கார வீட்டுப் பிடியும் ஒரே சாக்கில் கிடந்தன. நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துக்கொள்ளாமல் பணத்தை ஒரே கணக்கில் போடுவதற்கு இதுதான் காரணம். யார் பணத்தில் படிக்கிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

இதையே பெரிய அளவில் செய்து காட்டியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. அவருடைய தொடக்கத்தைப் பாருங்கள். 1918-ல் அயன் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இறந்துபோனதைப் பார்த்து மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று படித்தார். முடக்குவாதம் வந்து கை விரல்கள் கோணிப்போயின. அந்த ஆசை அதோடு போயிற்று. கண் மருத்துவத்துக்கு மாறி, கோணிய விரல்களாலேயே அறுவை செய்யப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுவதை வைத்து, முடியாதவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பது என்ற ஏற்பாடு. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தபோது அதன் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. அதற்காக 1992-ல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

எங்கள் அம்மாவுக்கு அங்கேதான் புரை எடுத்தார்கள். முகாமிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்த பாட்டிகள் பச்சைத்துணிக் கட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்ததை அப்போது பார்த்தேன். அவர்களில் ஒருவரும் யாரையும் கும்பிட வேண்டியிருக்கவில்லை. யார் கட்டிய பணத்தில் தனக்குப் பார்வை வந்தது என்று அந்தப் பாட்டிக்குத் தெரியாது, பணம் கட்டியவருக்கும் தெரியாது. ஒரு மனிதருடைய இரக்கம் ஏற்பாடாக மாறிவிட்டால் வாங்குகிறவர் தலை குனிய வேண்டியதில்லை. டாக்டர் செய்ததிலேயே எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான்.

சரி, அப்படியென்றால் பெயர் போடுவதே தப்பா? அப்படியும் சொல்ல மாட்டேன். யா. ஒத்தக்கடைப் பக்கம் கொடிக்குளத்தில் ஆயி அம்மாள் என்கிற பூரணம், வங்கியில் கிளார்க். அந்த ஊர் அரசு நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்குவதற்காகக் கோடிக்கணக்கில் விலைபோகிற தன் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024 ஜனவரியில் எழுதிக் கொடுத்தார். அந்த வருடக் குடியரசு தினத்தில் முதலமைச்சர் கையால் சிறப்பு விருது வாங்கினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. இறந்துபோன தன் மகள் ஜனனியின் பெயர் பள்ளிக்கு இருக்க வேண்டும் என்பது. இதைப் பெயராசை என்று யாராவது சொல்ல முடியுமா? ஒரு தாய் தன் மகள் பெயரைத் தினமும் நூறு பிள்ளைகள் வாயில் கேட்க ஆசைப்பட்டார். துக்கத்திலிருந்தும் ஈகை பிறக்கும், தம்பி. அந்தப் பெயர் எந்தப் பிள்ளையையும் கடன்காரனாக்கவில்லை. உங்கள் படத்தைக் குழுவில் போட்டதற்கும் அதே அளவுகோல்தான். உங்களைப் பார்த்து இன்னும் இரண்டு பழைய மாணவர்கள் கொடுத்தால் நல்லதுதான். வாங்கிய பிள்ளையின் படத்தை உங்கள் பக்கத்தில் நிறுத்தி எடுக்காதவரை எனக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை. அடுத்த தடவை தலைமை ஆசிரியரிடம் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது வழிகாட்டும் வேலை. பணம் கொடுப்பதைவிட இது பல மடங்கு கடினம், தப்பாகப் போக வாய்ப்பும் அதிகம்.

மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனுக்கு மதுரை வைத்தியநாத ஐயர் இருந்தார். தலித்துகளைக் கோயிலுக்குள் விடாத காலத்தில், 1939-ல் ஐயர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துப்போன தோழர்களில் கக்கனும் ஒருவர். கக்கன் பின்னாளில் அமைச்சரானார், பதவி போன பிறகு அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் படுத்திருந்தார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது காலம். ஒரு நாள் மேடையில் நின்று தட்டிக்கொடுத்த உறவு இல்லை அது, வருடக்கணக்காகக் கூடவே நின்ற உறவு.

அந்தக் காலத்தைத்தான் நீங்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பில் வழிகாட்டிகளோடு சேர்க்கப்பட்ட பிள்ளைகளை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரு வருடத்துக்கும் மேல் உறவு நீடித்த பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனால், அந்தப் பிள்ளைகளுக்குத் தன்மேல் இருந்த மதிப்பே குறைந்திருந்தது. ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விடுவது ஆரம்பிக்காமல் இருப்பதைவிடக் கெடுதல். ‘நமக்கு நேரம் கொடுக்கிற அளவுக்கு நாம் முக்கியமில்லை போல’ என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். அப்பா இல்லாத பிள்ளை என்றால் இன்னும் மோசம். அதனால் ஆன்சைட், கம்பெனி மாற்றம், கல்யாணம் என்று வரப்போகிற இரண்டு வருடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

தகுதி என்று கேட்டீர்கள். உங்கள் சம்பளமோ கம்பெனிப் பெயரோ அந்தப் பிள்ளைக்குப் பெரிதாக உதவாது. நீங்கள் அந்தப் பாதையில் நடந்து போனவர். எந்த இடத்தில் முள் இருக்கிறது என்று தெரியும். அதுதான் தகுதி. முதல் தலைமுறையாகக் கல்லூரி போகிற பிள்ளை விழுவது பெரும்பாலும் பாடத்தில் இல்லை, காகிதத்தில். அரசுப் பள்ளியிலேயே ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும் 2021-ல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-லும் தொடங்கின. முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, போனஃபைடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைச்சல். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரியும் மார்க் ஷீட்டில் வேறு மாதிரியும் இருந்தால் அதற்கே பத்து நாள் போகும். இந்த அலைச்சலில் கூலி போய்விடும் என்று அப்பா ‘கிடைச்ச காலேஜில சேரு’ என்று சொல்லிவிடுவார். கூடப் போக ஓர் ஆள் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்.

அப்புறம் முதல் செமஸ்டர். ஆங்கிலத்தில் வகுப்பு நடக்கும், ஹாஸ்டலில் பேச ஆள் இருக்காது. பிளஸ் டூவில் முதல் மார்க் எடுத்த பிள்ளைக்கு முதன்முதலாக அரியர் விழும். வீட்டில் சொன்னால் திரும்பி வரச் சொல்லிவிடுவார்கள் என்று சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு போன் போதும். அறிவுரை வேண்டாம். ‘சாப்பாடு எப்படி, எந்தப் பேப்பர் கஷ்டம்’ என்று கேட்டால் போதும். எனக்கும் செகண்ட் செமில் அரியர் இருந்தது என்று நீங்கள் ஒரு தடவை உண்மையைச் சொன்னால் அது பத்தாயிரம் ரூபாய்க்குச் சமம்.

என் மனதில் இன்னும் ஆறாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் கெட்டிக்காரப் பையன் ஒருவன். மோட்டார், பம்ப்செட் என்றால் உயிர். டீசல் மெக்கானிக் ஐ.டி.ஐ. சேரவேண்டும் என்றான். நான் விடவில்லை. ‘உன் மார்க்குக்கு ஐ.டி.ஐ.யா?’ என்று சொல்லி இன்ஜினியரிங் சேர்த்தேன். ஒரு தனியார் கல்லூரி. இரண்டு வருடத்தில் ஒன்பது அரியர். முகம் செத்துப்போய் வந்து நின்றான். மிச்சக் கட்டணத்தைக் கட்டினால்தான் ஒரிஜினல் சர்ட்டிபிகேட் என்று கல்லூரி பிடித்து வைத்துக்கொண்டது. நாங்கள் ஐந்து பேரும் கட்டி மீட்டோம். அவன் என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, ‘என் ஸ்டூடன்ட் இன்ஜினியர்’ என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை இருந்திருக்கிறது. அந்த வியாபாரி விசேஷ வீட்டில் எதிர்பார்த்ததை நான் அவன் வாழ்க்கையிலேயே எதிர்பார்த்திருக்கிறேன். அப்புறம் ஐ.டி.ஐ. முடித்து, செக்கானூரணிப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவனுடைய இரண்டு வருடம் போனது போனதுதான். அதிலிருந்து, ஒரு பிள்ளை என்ன படிக்கப்போகிறது என்று அது வாயால் மூன்று தடவை சொல்லும் வரைக்கும் நாங்கள் எந்தப் படிப்பின் பெயரையும் எடுப்பதில்லை.

இன்னொன்று. அந்த வீட்டிலிருந்து ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு நிலக்கடலையும் மொச்சையும் புளியும் வரும். ஆரம்பத்தில் ‘எதுக்கும்மா இதெல்லாம்’ என்று திருப்பி அனுப்பினேன். ஒரு தாய் முகம் வாடிப்போனதைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன். 2020-ல் கொரோனா நேரத்தில், யாசகம் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பெரியவர் மதுரை கலெக்டரிடம் பத்தாயிரம் பத்தாயிரமாகப் பல தடவை நிவாரண நிதி கொடுத்தார். கொடுக்கிற கையாக இருக்க எல்லாருக்கும் ஆசை உண்டு. அதை நாம் மட்டுமே வைத்துக்கொள்ளக் கூடாது.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1972-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபோது வீட்டில் மேலே படிக்க வைக்கிற நிலைமை இல்லை. எங்கள் கணக்கு சார் அப்பாவிடம் வந்து பேசி, பி.யூ.சி. சேர 60 ரூபாய் கொடுத்தார். வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் ஒரு வேட்டி சட்டையோடு அவரைப் பார்க்கப் போனேன். அவருக்கு என்னைச் சரியாக அடையாளமே தெரியவில்லை. ஊர் சொன்னேன், வருடம் சொன்னேன், 60 ரூபாயைச் சொன்னேன். ‘கொடுத்தேனா? இருக்கும்மா’ என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகையாக வந்தது. வருடக்கணக்காக நான் சுமந்துகொண்டிருந்த கடன் அவர் நோட்டில் எழுதப்படவே இல்லை. அவர் இப்போது இல்லை. அவர் மாதிரி மறக்க எனக்கு இன்னும் வரவில்லை, ஒன்பது அரியர் வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும். அந்த வாரத்தில் நான்கு நாள் லீவு எடுத்து ஊருக்கு வாருங்கள். தலைமை ஆசிரியரிடம் சொல்லி ஒரே ஒரு பிள்ளையை, முடிந்தால் ஒரு பெண் பிள்ளையையும் அவள் அம்மாவையும் சேர்த்து, பார்த்துப் பேசுங்கள். ஆதார், மார்க் ஷீட், பாங்கு பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது.